மச்சானோடு மெசின் பார்க்கப் போனது

"எனக்குத் தெரியாது" என்று வாய் திறந்து சொல்வதற்கு ஒரு மனிதனுக்கு வயது வரவேண்டும். எனக்கு அது நாற்பத்தெட்டாவது வயதில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தது. அதற்கு ஓர் அம்புலன்சும், ஒரு தீயணைப்பு வண்டியும், அரைச் செபமாலையும் தேவைப்பட்டன.

அதுவரை அன்ரனாகிய நான் எதையுமே தெரியாது என்று சொன்னவனல்ல. போகாத ஊருக்கும் வழி சொல்லுவேன். (கேட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து சண்டை பிடிக்காததால், சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். அவர்கள் இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.)

எனக்கு உண்மையாகவே தெரிந்த விஷயம் ஒன்றுதான்: பல். ஸ்காபரோவில் ஒரு பல்லுக் கட்டும் லாபில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். விளக்குக்குக் கீழே இருந்து, கடைவாய்ப் பல்லின் அரிசி மணியளவு மேடு பள்ளங்களைச் செதுக்குவது என் தொழில். பிழைப்பு முழுவதும் இந்தப் பத்து விரல்களின் நுனியில் இருக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு விறகு பிளக்கும் மெசினோடு என்ன வேலை என்று கேட்பீர்கள்.

அந்த வருடம் பங்குனியில் ஐஸ் மழை பெய்தது. பிக்கரிங்கில் எங்கள் வீட்டுப் பின்வளவில் நின்ற இரண்டு மேப்பிள் மரங்களும் கிளை முழுக்கக் கண்ணாடி போர்த்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கரண்ட் மூன்று நாள் இல்லை. நான், மனைவி ஜெசி, மகள் நிலானி மூவரும் மோர்னிங்சைட்டில் ஜெசியின் அண்ணன் யூட்டின் அப்பார்ட்மெண்டுக்கு அகதியாகப் போனோம். ஏழு பேர், ஒரு வாஷ்றூம், யூட்டின் குறட்டை. மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பியபோது நிலானியின் மீன் தொட்டியில் மீன்கள் அசையாமல் கிடந்தன. அவள் அழவில்லை. தொட்டியைக் கழுவிக் கராஜில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டு ஹோலில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன விறகு அடுப்பு ஒன்று இருந்தது. அதன்மேல் ஜெசி மாதா சுருவத்தை வைத்திருந்தாள். அன்று நான் மாதாவைப் பக்குவமாக இறக்கிவைத்துவிட்டு அறிவித்தேன்: "இனி இந்த வீடு குளிராது."

ஆள் பிடித்துப் புகைக்கூட்டைத் துப்புரவாக்கினேன். மரத்தைத் துண்டு போட வந்தவர் குற்றிகளை ஏற்றிக்கொண்டு போகவா என்று கேட்டபோது, "விடுங்கோ, நான் பாக்கிறன்" என்றேன். கோடாலி ஒன்று வாங்கினேன். முதல் வெட்டுக்குக் கோடாலி துள்ளித் திரும்பியது. இரண்டாவது வெட்டில் குற்றிக்குள் இறங்கியது. அதன்பிறகு வெளியே வரவில்லை. அந்தக் கோடை முழுவதும் அது அப்படியே நட்டுக்கொண்டு நின்றது. பிடியில் குருவிகள் வந்து இருந்தன.

புரட்டாதி முடியும்போது ஜெசி சொன்னாள்: "பிளந்து அடுக்கினால்தானே அது காயும்? உப்பிடியே பனி விழுந்தால் முழுக்க உக்கிப் போயிடும். தெரிஞ்ச ஆரையாவது கேளுங்கோவன்."

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? பாவிச்ச மெசின் ஒண்டு வாங்கினால் சரி. எனக்கு மெசின் தெரியும்."

(எனக்குத் தெரிந்த மெசின், பல்லுக்கு மினுக்கம் போடுவது. உள்ளங்கைக்குள் அடங்கும்.)

முதலாவது மெசின் ஸ்காபரோவில் ஒருவருடைய கராஜில் இருந்தது. கரண்டில் ஓடுவது, தையல் மெசினைவிடக் கொஞ்சம் பெரிது. நான் அதைச் சுற்றி இரண்டுதரம் நடந்து, ரயரைக் காலால் உதைத்துப் பார்த்தேன். ஒரு மெல்லிய கட்டையை வைத்துப் பொத்தானை அமத்தினோம். கராஜ் லைற் மங்கியது. அந்த மெசின் விறகைப் பிளக்கவில்லை; விறகோடு பேசிப் பார்த்தது. விறகு சம்மதிக்கவில்லை.

இரண்டாவது, ஒஷாவாப் பக்கம். பெற்றோலில் ஓடுவது, பெரியது. நானும் யூட்டும் போய் இறங்கும்போதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறேன்" என்றார் விற்கிறவர். என்ன நல்ல மனிதர் என்று நினைத்தேன். (குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது என்றால் இப்படித்தான் முன்கூட்டியே சூடாக்கி வைப்பார்களாம். இது எனக்குப் பிறகு தெரியவந்தது.) எண்ணெய்த் தாங்கியைத் திறந்து காட்டினார். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. நான் தலையை ஆட்டி, "நல்ல தடிப்பான எண்ணெய்" என்று பாராட்டினேன். அந்த மனிதர் என்னை நெகிழ்ந்துபோய்ப் பார்த்தார். அவர் வாழ்நாளில் இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டிருக்கமாட்டார். எண்ணெய்க்குள் தண்ணீர் போனால்தான் அந்த நிறம் வரும்.

வாங்கியே இருப்பேன். மெசினை இழுத்துக்கொண்டு போவதற்கான கொழுவி, யூட்டின் பிக்கப் வண்டியின் பின்னால் இருந்த இரும்புக் குண்டுக்குப் பொருந்தவில்லை. சரியான குண்டு வாங்கிக்கொண்டு அடுத்த நாள் போனால், யாரோ கொண்டுபோய்விட்டார்கள். ஆண்டவர் என்னை ஒருநாளும் என் அறிவால் காப்பாற்றியதில்லை. இப்படி அளவு பொருந்தாமல் செய்துதான் காப்பாற்றியிருக்கிறார்.

யூட்டைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, பெரிய லொறி ஓட்டுகிறவன். குரலைக் கேட்டால் பக்கத்து வீட்டு நாய் உள்ளே போகும். ஆனால் இரத்தம் கண்டால் ஆகாது. ஒருமுறை என் லாபுக்கு வந்தவன், மேசையில் இருந்த மேல்வரிசைப் பற்களைப் பார்த்துவிட்டு வெளியே போய் வண்டிக்குள் இருந்துவிட்டான். அது வெறும் பிளாஸ்ரிக்.

மூன்றாவது மெசினுக்கும் அவனோடுதான் போனேன்.

பிக்கரிங்குக்கு வடக்கே, ரோட்டுகளுக்குப் பெயர் முடிந்து இலக்கம் மட்டும் மிஞ்சுகிற இடத்தில் ஒரு பண்ணை வீடு. லிண்டா என்ற பெண்மணி றப்பர் சப்பாத்தோடு வந்து கை குலுக்கினார். எழுபது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார், பண்ணையை விற்றுவிட்டு மகளின் அடுக்குமாடிக் கொண்டோவுக்குப் போகப்போகிறார். "அங்கே அடுப்பில் நெருப்பு இல்லை, நெருப்பின் படம்தான் இருக்கிறது" என்றார். "இது பாவிக்கிற ஒருவர் கைக்குப் போகவேண்டும்."

அந்தக் 'கைக்கு' என்ற சொல்லை நாங்கள் யாரும் அப்போது கவனிக்கவில்லை.

அவர் என் விரலைப் பிடித்து எஞ்சினில் வைத்தார். "குளிர்ந்திருக்கிறதா? இப்போது உங்கள் முன்னால் கிளப்புகிறேன். இப்படித்தான் பார்த்து வாங்கவேண்டும்." ஒரே இழுவையில் கிளம்பியது. விறகைப் பிளக்கிற ஆப்பின் அடியில் இரும்பு ஒட்டு வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் சொன்னார். எண்ணெய்க் குழாயின் மூட்டு ஒன்று சொட்டுச் சொட்டாகக் கசிவதையும் தானாகவே காட்டினார். "இதை இறுக்கவேண்டும். நான் ஊற்றுவது கார் கியருக்கு ஊற்றுகிற சிவப்பு எண்ணெய்." நான் ஒவ்வொன்றுக்கும் "ஐ நோ, ஐ நோ" என்றேன். லீவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஆப்பு தானாகத் திரும்பி வரும், அப்போது கையைக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது என்றும் சொன்னார். அதற்கும் ஐ நோ.

இதெல்லாம் நடக்கும்போது யூட் அங்கே இல்லை. களஞ்சியத்துக்கு மறுபக்கம் நின்று, எங்கள் கோயில் பங்கின் செபக்குழுத் தலைவி பெலிசிற்றா அன்ரியோடு போனில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தான்.

லிண்டா ஒரு குற்றியை வைத்து லீவரை அமத்தினார். 'டக்' என்று பாண் பிளந்ததுபோல் இரண்டாகியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதுதான் எங்கள் மெசின் என்று அந்தச் சத்தத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். நான் பக்கத்துக் கும்பலில் இருந்து முறுக்கேறிய குற்றி ஒன்றைத் தூக்கினேன்.

"அது எல்ம் மரம். நார். அதை விடுங்கள்" என்றார் லிண்டா.

"எல்ம்? யெஸ், யெஸ். ஐ லைக் எல்ம்."

(அதற்கு முன் நான் எல்ம் மரத்தைச் சந்தித்ததே இல்லை.)

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மெசினின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். வரும்வரை தொடவேண்டாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். நான் தொட்டேன்.

ஆப்பு குற்றிக்குள் போனது. குற்றி பிளக்கவில்லை; வாய் திறந்தது. உள்ளே நார்கள் தும்புக் கயிறுபோல் இழுபட்டு நின்றன. லீவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அந்த நாரைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்று கையை விட்டேன். ஆப்பிழுத்த குரங்கைப் பற்றி நாலாம் வகுப்பில் படித்தவன்தான். ஆப்பு பின்வாங்கியதும் குற்றி பட்டென்று வாயை மூடியது.

அந்த ஒரு கணத்தை நான் பகிடியாகச் சொல்லமாட்டேன். விரல்களைச் சுற்றி ஏதோ இறுகியது. லாபில் என் மேசை, அதன் விளக்கு, வெறுமையாக இருந்த கதிரை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. முழுப் பலத்தோடு இழுத்தேன். கை வந்தது. கையுறை வரவில்லை. என்னுடையதை வீட்டில் மறந்து, யூட்டின் யானைக் கையுறையைப் போட்டிருந்ததால் தப்பினேன்.

வெறுங்கையில் குளிர் ஏறியது. கையை ஜக்கெட்டுக்குள் விட்டு, கக்கத்தில் வைத்து, குனிந்து நின்று மூச்சு வாங்கினேன். கையுறை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு குற்றியில் நீட்டி நின்றது. மேலே குழாய் மூட்டில் இருந்து சிவப்பு எண்ணெய் அதன்மேல் சொட்டு, சொட்டு, சொட்டு.

அப்போதுதான் யூட் களஞ்சியத்தைச் சுற்றி வந்தான், போனைக் காதில் வைத்தபடி.

"ஐயோ மாதாவே! அன்ரன்ரை கை போயிட்டுது!"

அடுத்தது 'தொம்' என்ற சத்தம். ஆறடியும் நிலத்தில்.

சத்தம் கேட்டு லிண்டா ஓடிவந்தார். அவர் கண்ட காட்சியை யோசித்துப் பாருங்கள்: நிலத்தில் ஒரு பெரிய மனிதன், குற்றியில் ஒரு கை, பக்கத்தில் கை இல்லாத ஒருவன். உடனே போனை எடுத்து உதவிக்கு அழைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். எஞ்சின் இரைச்சலில் நான் "ஐ ஆம் ஃபைன்! ஐ ஆம் ஃபைன்!" என்று கத்தினேன். அதிர்ச்சியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்போல. "இருங்கள். அந்தப் பக்கம் பார்க்கவேண்டாம்" என்றார். நான் இருந்தேன். தன் இடுப்புப் பட்டியைக் கழற்றி, என் ஜக்கெட்டுக்கு மேலால் தோளடியில் சுற்றி இறுக்கினார். நான் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏன் மறுக்கவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அவ்வளவு அக்கறையாகச் செய்கிற ஒருவரை எப்படி இடையில் நிறுத்துவது?

பிறகு எஞ்சினை நிறுத்தினார். அமைதியில் நான் மெதுவாகக் கையை வெளியே எடுத்து, ஐந்து விரலையும் ஆட்டிக் காட்டினேன்.

லிண்டா அந்தக் கையைப் பார்த்தார். குற்றியில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் குற்றியில் குந்தியிருந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

தீயணைப்பு வண்டிதான் முதலில் வந்தது, பின்னால் அம்புலன்ஸ். யூட்டுக்கு நெற்றியில் ஒரு புடைப்பு மட்டும். கண் விழித்ததும் என் கையைக் கண்டு, "ஒட்டிப் போட்டாங்களோ?" என்று கேட்டான். ஒரு தீயணைப்பு வீரர் இரும்புச் சாமான் ஒன்றால் குற்றியை நெம்பி, கையுறையை மெல்ல எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திவந்து, "சேர், இது உங்களுடையதா?" என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அதுதான் பெரிய அவமானம்.

இனி ஸ்காபரோவில் நடந்தது. யூட் விழுந்தபோது போன் வேலிக்கரைப் புல்லுக்குள் போய்விட்டது. மறுமுனையில் பெலிசிற்றா அன்ரி. அவர் கேட்டது ஓர் அலறல், ஒரு 'தொம்', பிறகு எஞ்சின் இரைச்சல். அன்ரி செபக்குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார்: 'அன்ரனின் கை மெசினில் அகப்பட்டுவிட்டது. மன்றாடுவோம்.' அதை அடுத்தவர் 'வலது கை' என்று திருத்தினார். மொன்றியலில் இருந்து ஒருவர் 'இரண்டு கைகளும் என்று கேள்விப்பட்டோம்' என்று எழுதினார். யாரோ ஒருவர் யூட்டையும் பரலோகத்துக்கு அனுப்பியிருந்தார்.

நான் வண்டிக்குள் கிடந்த என் போனை எடுத்து ஜெசிக்கு அடித்தேன். லைன் பிசி. திரும்பத் திரும்ப அடித்தேன், பிசி. வீட்டுக்கே ஓடினோம். எங்கள் தெரு முழுக்கக் கார். வாசலில் சப்பாத்துக் குவியல். கதவைத் திறந்தால் ஹோல் நிறையச் சனம் முழங்காலில், நடுவில் மெழுகுதிரி, செபமாலை பாதியில் நிற்கிறது. மேசையில் இரண்டு தட்டம் ரோல்ஸ். (துக்கமோ சந்தோசமோ, ரோல்ஸ் வந்துவிடும்.)

பெலிசிற்றா அன்ரி நிமிர்ந்தார். வாசலில் நான், இரண்டு கைகளோடு.

"அற்புதம்!" என்றார்.

"இல்லை அன்ரி, அது கையுறை..."

"அன்ரன், நீர் பேசாதையும். நாங்கள் பாதி சொல்லேக்கையே கை வந்திட்டுது."

அவருக்கு இன்றுவரை அது அற்புதம்தான். நானும் அதிகம் வாதாடுவதில்லை. விரல்கள் தப்பியதற்கு என்னிடமும் வேறு நல்ல விளக்கம் இல்லை.

ஜெசி குசினிக்குள் இருந்தாள். ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகப் போன் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் போனை வைத்துவிட்டு வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பினாள். பெருவிரலில் இருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாக, சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எண்ணினாள். பத்து வரை. பிறகு நெற்றியை என் கையில் வைத்து அழுதாள். நான் அப்படி அவளை அழவைத்ததில்லை.

"எனக்கு உது ஒண்டும் தெரியாது, ஜெசி" என்றேன். "கோடாலியும் தெரியாது, மெசினும் தெரியாது. அந்த மனிசி தொடவேண்டாம் எண்டு சொன்னவ. நான்தான்..."

"இதை முதலே சொல்லியிருக்கலாமேயப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப, மெசின் நல்லதோ?"

"திறம் மெசின்."

நிலானி வந்து என் கையைப் பார்த்தாள். "அப்பா, ஆர் யூ ஷுவர் இது உங்கட கைதான்?" என்று கேட்டுவிட்டு, அதை விடாமல் பிடித்துக்கொண்டே ரோல்ஸ் சாப்பிட்டாள்.

வந்தவர்கள் போகவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்க் குற்றிக் குவியலைச் சுற்றி நின்றார்கள். குற்றியில் நட்டு நின்ற கோடாலியைப் பார்த்து ஆளாளுக்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே, அடுத்த சனிக்கிழமை எல்லோரும் வருவதென்று முடிவாகிவிட்டது. எவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் முதல்முறையாக "நான் பாக்கிறன்" என்று சொல்லவில்லை.

நாங்கள் வாங்கிய மெசினை லிண்டாவே தன் வண்டியில் கொழுவிக்கொண்டு வந்தார். கசிந்த குழாய் மூட்டை இறுக்கித் துடைத்திருந்தார். ஒரே சட்டம் போட்டார்: விறகை வைக்கிறவர்தான் லீவரையும் தொடலாம், இடையில் வேறு எவரும் கை நீட்டக் கூடாது. லீவருக்கு யார் என்று கேட்டபோது பெலிசிற்றா அன்ரி முன்னுக்கு வந்தார். குளிர் கோட்டுக்கு மேல் சீலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு, பஸ் ஓட்டுகிறவர் மாதிரி நின்று, ஒவ்வொரு குற்றியையும் தானே வைத்து, "இயேசுவே" என்று சொல்லி லீவரை அமத்தினார். 'டக்.' அடுத்தது. 'டக்.' லிண்டா கைதட்டினார். அன்றைக்கே அரைவாசிக்கு மேல் முடிந்தது. நானும் யூட்டும் அடுக்குகிற வேலைக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டோம்.

அந்த விறகு காய ஒரு வருடம் எடுத்தது. அதற்கடுத்த மாசியில் கரண்ட் போனபோது, எங்கள் ஹோலில் ஒரு பகல் முழுவதும் பதினான்கு பேர் அடுப்பைச் சுற்றி இருந்தார்கள். லிண்டாவும் கொண்டோவில் இருந்து வந்திருந்தார். லிப்ட் ஓடவில்லையாம், படியால் இறங்கி வந்திருக்கிறார், உண்மையான நெருப்பைப் பார்க்க.

ஸ்காபரோவில் அன்ரன்மார் பலர். ஆளுக்கொரு அடைமொழி இல்லாவிட்டால் அடையாளம் தெரியாது: பேக்கரி அன்ரன், இன்சூரன்ஸ் அன்ரன், கட்டை அன்ரன். நான் அன்றிலிருந்து 'கைபோன அன்ரன்'. பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிறவர்கள் ஒரு கணம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். கலியாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் வந்து, "நல்லாய்ச் செய்து விட்டிருக்கிறாங்கள், பொய்க் கை எண்டு தெரியவே தெரியாது" என்று பாராட்டுகிறார்கள்.

போன கிழமை ஒரு பெடியன் போன் எடுத்தான். புதிதாக வீடு வாங்கியிருக்கிறார்களாம், விறகு அடுப்பு இருக்கிறதாம்.

"கைபோன அன்ரன் அங்கிளோ? நாங்கள் யூஸ்ட் லொக் ஸ்பிளிட்டர், உந்த விறகு பிளக்கிற மெசின், ஒண்டு பாக்கப் போறம். என்னத்தைக் கவனிக்கவேணும்?"

நான் எல்லாம் சொன்னேன். எஞ்சின் குளிர்ந்திருக்கவேண்டும். எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும். ஆப்பின் ஒட்டு, குழாயின் மூட்டு, கொழுவியின் அளவு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவேண்டும். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

"வேறை ஏதும் இருக்கோ அங்கிள்?"

பக்கத்துச் சோபாவில் யூட் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன்.

"தம்பி, உமக்கு மச்சான் இருக்கிறாரோ?"

"ஓம் அங்கிள், ரெண்டு பேர்."

"ரெண்டு பேரையும் வீட்டிலை விட்டிட்டுப் போம்."

யூட் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான்: "போன் கொண்டு போகவேண்டாம் எண்டும் சொல்லு, மச்சான்."